நான் அடித்த வரி

குளிர்பெட்டியின் மோட்டார் நின்று நின்று ஓடுகிறது. ஓடும்போது சீசாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டின் சத்தம். நின்றால் அதைவிட மோசம், அப்போதுதான் வாசலில் மைக் கட்டுகிறவன் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது காதில் விழுகிறது. மூன்றுக்கு மேல் அவன் போவதில்லை. திரும்பவும் ஒன்று. கண்ணாடியின் மேல் என் கை இருக்கிறது. கைக்குக் கீழே வேர்வை மாதிரி நீர் கோத்திருக்கிறது. துடைத்தால் என் மகன் முகம், துடைக்காவிட்டால் காக்கி நிறத்தில் ஒரு மங்கல். துடைக்கிறேன். முப்பத்தெட்டு வயது. மூக்கில் பஞ்சு. தலையில் அவர்கள் வைத்த தொப்பி ஒரு அளவு பெரியது, காதுவரை இறங்கி நிற்கிறது, பள்ளிக்கூட நாடகத்தில் போலீஸ் வேஷம் கட்டிய பிள்ளை மாதிரி. யாருடைய தொப்பி என்று கேட்டேன். அவனுடையது தேய்ந்துவிட்டதாம், ஸ்டோரிலிருந்து புதிது எடுத்து வந்தார்களாம். புதிது. பதினான்கு வருஷம் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்தாய், பரிதி, கேட்டது எதுவும் கேட்ட வருஷத்தில் வந்ததில்லை. ஒரு ஜோடி கையுறைக்கு நீ நடந்த நடை எனக்குத் தெரியும். இன்றைக்கு விடிவதற்குள் புதுத் தொப்பி, புது பெல்ட், புது ஷூ, இஸ்திரி போட்ட தேசியக் கொடி, மடிப்புக் கலையாமல். எல்லாம் எங்கேயோ ஒரு அலமாரியில் இருந்திருக்கிறது. நீ சாவதற்காகக் காத்துக்கொண்டு பூட்டின அலமாரியில் இருந்திருக்கிறது.

காலைப் பற்றி ஒரு சண்டை நடந்து முடிந்துவிட்டது. என் தம்பி தாமோதரன் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்ட வெள்ளைத் துணியோடு வந்தான். ஸ்டேஷன் ஆட்கள் ஷூவைக் கழற்ற விடவில்லை. யூனிஃபார்ம் என்றால் ஷூவோடுதான் சார் என்றார்கள். கட்டாமல் எடுத்தால் வீட்டுக்கு ஆகாது என்றான் தாமு. கால் மணி நேரம் என் பிள்ளையின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு தாழ்ந்த குரலில் வாதாடினார்கள், நிலத் தகராறு மாதிரி. கடைசியில் யாரோ குனிந்து இரண்டு ஷூவின் லேஸையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டார். இரண்டு கட்சிக்கும் திருப்தி. சர்க்காருக்கு ஷூ, சாஸ்திரத்துக்கு முடிச்சு. அந்த முடிச்சைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா, எழுந்தால் தடுக்கி விழுவானே என்றுதான். எழுபது வயதில், முப்பத்திரண்டு வருஷம் கல்லூரியில் பாடம் சொன்ன பிறகு, எனக்குத் தோன்றியது அதுதான். மூன்றாம் வகுப்பில் முன் பெஞ்சுக்காரன் லேஸைப் பெஞ்சுக் காலோடு கட்டிவிட்டு உதை வாங்கி வந்தவன் நீ. அவன் எழுந்தான், பெஞ்சும் கூடவே எழுந்தது என்று அழுகைக்கு நடுவில் சிரித்தாய். உனக்கு எப்போதும் முடிச்சுதான் கைவந்தது. எழுத்து வரவில்லை. தமிழ்ப் பேராசிரியை பிள்ளை பி.ஏ.வை இரண்டாம் வருஷத்தோடு விட்டுவிட்டு ஏணி தூக்கப் போய்விட்டான் என்று ஸ்டாஃப் ரூமில் என் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். முதுகுக்குப் பின்னால் என்ன, உன் முகத்துக்கு முன்னாலேயே நான் அப்படித்தான் பேசினேன்.

முடிச்சு. நேற்று மதியமும் அதுதான். நான் அந்தக் கிணற்றைப் பார்க்கவில்லை, ஆனால் இரண்டு நாளாக நான் அதற்குள்தான் இருக்கிறேன். இல்லை, இரண்டு நாள் ஆகவில்லை, நேற்று மதியம்தானே. தண்ணீர் வற்றி வருஷக்கணக்காகப் பாழாய்க் கிடந்த கிணறு. ஆடு ஒன்று விழுந்தது. ஆட்டை எடுக்க ஆட்டுக்காரர் இறங்கி மயங்கினார். அவரை எடுக்க அவருடைய மச்சான் இறங்கி மயங்கினார். அடியில் விஷவாயு. மேலே நின்ற சனம் நிலையத்துக்குப் போன் செய்தது. நீ கயிற்றோடு இறங்கினாய். ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, ஈரத் துண்டை, பரிதி, ஆட்டுக்காரர் அக்குளுக்கடியில் முடிச்சுப் போட்டு மேலே அனுப்பினாய். கயிறு திரும்ப வந்ததும் மச்சானுக்குப் போட்டாய். மூன்றாம் முறை இறக்கிய கயிற்றைப் பிடிக்கக் கை இல்லை. இதை எனக்குச் சொன்னவர் உன் கூட வேலை பார்க்கும் டிரைவர். கயிறு ஆடாம அப்படியே நின்னுச்சும்மா என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. நான் என்னவோ அதற்கு மேல்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஆடாமல் நிற்கும் ஒரு கயிறு. காலையில் ஆட்டுக்காரர் வந்தார். கேட்டுக்கு வெளியே நின்றார், உள்ளே வரவில்லை, தலைத் துண்டை எடுத்து இரண்டு கையாலும் பிழிந்துகொண்டே நின்றார், அதில் ஈரமே இல்லை. அவரைப் பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு ஆட்டுக்கு, என்று உள்ளே ஒன்று சொன்னது. ஒரு ஆட்டுக்கு. வெட்கம் கெட்ட நினைப்பு. அவர் என்ன செய்வார். அவர் அடியில் கண்ணை மூடினார், திறந்தபோது மேலே வந்திருந்தார். கோபத்தை வைக்க இடம் தேடுகிறேன், ஏழைதான் முதலில் கைக்கு அகப்படுகிறான்.

வெளியே பறை நின்றுவிட்டது. போலீஸ்காரர் ஒருவர் வந்து அமைச்சர் வந்து போகிறவரை அடிக்க வேண்டாம் என்று சொன்னாராம். என் நாத்தனார் ராகம் போட்டு அழ ஆரம்பித்தாள், அவளிடமும் யாரோ வந்து, கொஞ்சம் மெதுவாம்மா, மைக் போட்டுப் பார்க்கிறோம் என்றார்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சாவு வீட்டில் அழுகைக்கும் முறை வைத்துவிட்டார்கள். இதையெல்லாம் ஏற்பாடு செய்கிறவர் மரியசூசை சார். மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறார். விடிகாலை நாலு மணியிலிருந்து நிற்கிறார், காப்பிகூடக் குடிக்கவில்லை. நல்ல மனிதர். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இடது கையில் முழங்கைவரை தீப்பட்ட தழும்பு, ரேழிச் சுவரில் ஈரம் ஏறிய மாதிரி. அவரும் ஏணி தூக்கி வந்தவர்தான். வண்டி நிறுத்த இடம், மாலைகளுக்கு மேசை, ஆயுதப்படையிலிருந்து எட்டுப் பேர், எட்டுத் துப்பாக்கி, மூன்று முறை, ஆக இருபத்துநாலு குண்டு, பியூகிள் ஊதுகிறவர் ஒருவர், ஏரிக்கரை மயானத்தில் செடி வெட்டிச் சுண்ணாம்புக் கோடு. கோடு கோணலாக இருந்ததாம், அழித்துவிட்டு மறுபடி போடச் சொன்னாராம். என் பக்கத்தில் வந்து குந்தி, தாயாரிடம் காட்டுவது முறை என்று நிகழ்ச்சி நிரலைக் கொடுத்தார். மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தேன். பத்தரை மணி, அமைச்சர் வருகை. பத்து முப்பத்தைந்து, மலர் வளையம். பத்து நாற்பது, தாயாருக்கு ஆறுதல் கூறுதல், மூன்று நிமிடம். மூன்று நிமிடம். நான் அந்தத் தாளில் மூன்று நிமிடம் இருக்கிறேன். அப்புறம் ஊர்வலம், மயானத்தில் வாழ்க்கைக் குறிப்பு வாசித்தல், பிறகு கொடியை மடித்து நெருங்கிய உறவினரிடம் ஒப்படைத்தல், அடைப்புக்குள் திரு. தாமோதரன், தாய்மாமன். கொடி கைமாறின பிறகுதான் குண்டு. ஏன் தாய்மாமன் என்றேன். பெண்கள் மயானத்துக்கு வர்றதில்லையேம்மா, ஒங்க வழக்கத்துல முச்சந்தி வரைக்கும்தானாம், தம்பி சொன்னார் என்றார். அவர் குரலில் மரியாதை இருந்தது. வழக்கத்தை விசாரித்து அதன்படி செய்கிற மனிதர். பத்து மாதம் சுமந்தவள் முச்சந்தியில் நின்றுகொள்ள வேண்டும், கொடியைத் தாமு வாங்கிக்கொள்வான். தாமு உன்னிடம் கடைசியாகப் பேசியது இரண்டு வருஷத்துக்கு முன்னால், அவன் வீட்டுக் கிணற்றில் விழுந்த வாளியை எடுத்துத் தரச் சொல்லி.

மோட்டார் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று. அந்தச் சமையலறை மேசை ஞாபகத்துக்கு வராமல் இருக்கக் கொடி, கோடு, குண்டு என்று எதையெதையோ நினைத்துப் பார்த்தேன். வந்துவிட்டது. போன வருஷம் ஆவணி. ஞாயிற்றுக்கிழமை பகல், நான் அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டிருக்கிறேன், நீ கோடு போட்ட தாளைக் கொண்டுவந்து முறத்துக்குப் பக்கத்தில் வைக்கிறாய். கொஞ்சம் பாத்துக் குடும்மா, மேல அனுப்பணும். எதற்கு என்றேன். பி.ஏ. செட் கேட்டு என்றாய். விஷவாயுவிலும் புகையிலும் இறங்கும்போது முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு முகத்தில் மூடி போட்டுக்கொள்வார்களே, அந்தச் சுவாசக் கருவிக்கு உங்கள் நிலையத்தில் அதுதான் பெயர். நான் என்ன சொன்னேன். ஒனக்குத்தான் பி.ஏ. வரல, ஸ்டேஷனுக்காவது வரட்டும் என்றேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு நன்றாக இருந்தது என்று இந்த நிமிஷம்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது பார்த்தால் அது வலித்த ஆள் சிரிக்கிற சிரிப்பு. சிவப்புப் பேனா எடுத்தேன். ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருஷம், இன்னும் வீட்டில் சிவப்புப் பேனா இல்லாமல் இருந்ததில்லை. நீ எழுதியிருந்தாய்: ஐயா, எங்க ஸ்டேஷன்ல ரெண்டு செட் இருக்கு. ஒண்ணு வால்வு ஒழுகுது. ஒண்ணு ரிப்பேருக்குப் போயி எட்டு மாசம். இப்படியே விட்டா எங்கள்ல ஒருத்தன் சாவான். நாலு வரி. நாலாம் வரியைப் பார்த்ததும் என் கை நேராக அதன்மேல் போனது. மேலதிகாரிக்கு இப்படியா எழுதுவாங்க, மிரட்டற மாதிரி. சாவு கீவுன்னு. அடித்தேன். ஒரே கோடு. அவரைக்காய்ப் பிசின் ஒட்டின விரலோடு அடித்தேன், தாளில் பச்சையாக ஒரு கறை விழுந்தது. அந்த இடத்தில், மேற்கண்ட குறைபாட்டினைக் களைந்திட ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன் என்று போட்டேன். நீ வாங்கிப் படித்துவிட்டு, நீ எழுதினா கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும்மா என்றாய். அப்புறம் கதவுக்குப் போனவன் நின்று, சாதாரணமாகத்தான் சொன்னாய், தண்ணி வேணும் என்கிற மாதிரி, அந்த வரிதாம்மா லெட்டரே, மத்ததெல்லாம் அட்ரஸ்.

அந்த வரிதான் கடிதம். மற்றதெல்லாம் முகவரி. முப்பத்திரண்டு வருஷத்தில் எந்த மாணவியும் எந்த விடைத்தாளிலும் எனக்கு இப்படி ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்ததில்லை. அதைச் சொன்னவனுக்கு எழுத்து வரவில்லை என்று நான்தான் முடிவு செய்தேன். அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது நல்ல தமிழின் அழகே தணிந்து பேசுவதுதான் என்று உனக்கு வகுப்பு எடுத்தேன். நீ கூட்டு இன்னும் கொஞ்சம் போடு என்றாய்.

யாரோ பேசுகிறார்கள். மரியசூசை சார் மறுபடி வந்து என் பக்கத்தில் தரையில் குந்தியிருக்கிறார். கையில் தட்டச்சு செய்த தாள். தயங்கித் தயங்கிப் பேசினார். வாழ்க்கைக் குறிப்பை அவர்தான் மயானத்தில் வாசிக்கப் போகிறார். அலுவலகத்தில் அவசரமாகத் தயாரித்தது, அமைச்சர் முன்னால் பிழை இருக்கக் கூடாது, நான் கல்லூரியில் தமிழ் எடுத்தவள் என்று சொன்னார்கள், இந்த நேரத்தில் கேட்கக் கூடாதுதான். நான் கையை நீட்டினேன். அவருக்கே ஆச்சரியம். எனக்கு ஆச்சரியம் இல்லை, தாள் நீட்டினால் என் கை வாங்கும், அது அப்படிப் பழகின கை. பேனா இருக்கா என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பணியே உயிர்மூச்செனக் கொண்ட வீரத்திருமகன் இளம்பரிதி. மூச்சு என்ற சொல் இவர்களுக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது. படித்துக்கொண்டே போனேன். வீரத்திருமகன் இரண்டு முறை வந்திருந்தது, ஒன்றை எடுத்தேன். ஏழு வரிக்கு நீண்ட ஒரு வாக்கியத்தை இரண்டாக உடைத்தேன். பாதுகாப்புக் கருவிகளையும் பொருட்படுத்தாது, தன்னுயிரைத் துச்சமென மதித்து, என்பது வாக்கியத்தின் வாலில் தொங்கியது, அதைத் தூக்கி முன்னால் வைத்தேன். இப்போது காதுக்கு நன்றாக இருந்தது. உதட்டுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். இரண்டாவது முறை சொன்னபோதுதான் புரிந்தது. பொருட்படுத்தாது. கருவி இருந்தது, பரிதிதான் அதைச் சட்டை செய்யாமல் இறங்கினான். இல்லாத கருவியை நீ உதறிவிட்டுப் போனாயாம். உன் பிணத்துக்கு முன்னால், ஒலிபெருக்கியில். அந்தப் பொய்யை நான் இப்போதுதான் நல்ல நடையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

தாளை மடியில் வைத்துக்கொண்டேன். அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு அவர் ஆறுதலாகப் பேச ஆரம்பித்தார். அவர் பேசியிருக்க வேண்டாம். "உங்க பையன் லெட்டர் எழுதினா அவ்வளவு அழகா இருக்கும்மா. போன வருஷம் செட் கேட்டு ஒண்ணு எழுதியிருந்தாரு. ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் காட்டினேன், மேல எழுதுறதுன்னா இப்படிப் பணிவா எழுதணும்யான்னு. இன்னும் ஃபைல்லதான் வச்சிருக்கோம்." பெட்டிக் கண்ணாடியில் நீர் வழிந்து ஒரு கோடு இறங்கியது. மோட்டார் ஓட ஆரம்பித்தது. "செட் வந்துச்சா?" என்றேன். அவர் தழும்புக் கையை மற்றக் கையால் மூடினார். யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "அவசரம்னு அதுல தெரியலீங்கம்மா" என்றார்.

அப்போது நான் கத்தியிருக்க வேண்டும். எல்லாரும் அதற்குத்தான் காத்திருந்தார்கள், தாய் கத்தினால் பிடித்துக்கொள்ள நாலு பேர் தயாராக நின்றார்கள். கத்தவில்லை. கோபம் தலைக்கு ஏறவில்லை, அது எங்கேயோ அடியில், பாழுங்கிணற்றின் அடியில் கனமாக, வாசனை இல்லாமல், தேங்கி நின்றது. அவசரம் இருந்தது, சார். நாலாம் வரியில் இருந்தது. நான் அடித்துவிட்டேன். இதை அவரிடம் சொன்னேனா, உள்ளே சொன்னேனா தெரியவில்லை. உள்ளேதான் இருக்க வேண்டும், அவர் முகம் மாறவில்லை. நான் அடித்தது ஒரு வரி. எட்டு மாதம் கருவியைத் திருப்பி அனுப்பாதவன் யார், மூன்று வரியில் ஒழுகுது, இல்லை என்று எழுதியிருந்தும் நாலாவது வரி இருந்தால்தான் புரியும் என்கிற அதிகாரம் எது, அவர்கள் எல்லாரும் இன்றைக்கு மாலையோடு வருவார்கள். நான் மட்டும் என் கோட்டைத் தடவிக்கொண்டு சாகணுமா. சாகணும்தான். ஆனால் தனியாக இல்லை. தாளை எடுத்தேன். பாதுகாப்புக் கருவிகளையும் என்று தொடங்கி மதித்து என்பதுவரை ஒரே கோடாக அடித்தேன். ஓரத்தில் இடம் இருந்தது. சென்ற ஆவணியில் இளம்பரிதி எழுதியது, என்று போட்டுவிட்டு உன் நாலு வரியையும் எழுதினேன். ஒண்ணு என்றால் ஒண்ணு. ஒழுகுது என்றால் ஒழுகுது. என் கை வழக்கம்போல எதையோ மாற்றப் போனது, அதைப் பிடித்து நிறுத்தினேன், மிரண்ட மாட்டை மூக்கணாங்கயிற்றில் நிறுத்துவதுபோல. சாவான் என்ற சொல்லை எழுதும்போது மட்டும் பேனாவைக் கொஞ்சம் அழுத்தினேன்.

அவர் வாங்கிப் படித்தார். நெடுநேரம் படித்தார், நாலு வரிக்கு அவ்வளவு நேரம் ஆகாது. "இதை வாசிக்க முடியாதும்மா" என்றார். "எனக்கு இன்னும் ஏழு மாசம்தான் சர்வீஸ் இருக்கு."

"அவனுக்கு இருபது வருஷம் இருந்துச்சு."

கொடியை நான்தான் வாங்குவேன் என்றேன். வழக்கம் என்று ஆரம்பித்தார். வழக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். "இதை வாசிச்சா வாங்கறேன். வாசிக்கலன்னா அது உங்க கையிலயே இருக்கட்டும்." தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். பேனாவைக் கேட்க மறந்துவிட்டார். அது என் கையிலேயே இருந்தது.

அமைச்சர் பதினொன்றேகாலுக்கு வந்தார். வாசலில் நாற்காலிகள் இழுபடும் சத்தம், சென்ட் வாசனை, வெள்ளை வேட்டிகள். என் மூன்று நிமிடத்தைத் தொடங்கினார். நாட்டுக்கே பிள்ளை என்றார். தலையாட்டினேன். போட்டோக்காரர் அம்மா கொஞ்சம் இந்தப் பக்கம் என்றார். என்னிடமிருந்து கோபத்தின் ஒரு சொல்கூட அப்போது வெளியே வரவில்லை, எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தேன், ஒரே இடத்தில் செலவழிக்க. பறை திரும்ப ஆரம்பித்தது. பெட்டியிலிருந்து உன்னை எடுத்தார்கள். கண்ணாடி இல்லாமல் ஒரு நிமிஷம் உன் நெற்றியைத் தொட்டேன். கிணற்றுக் கல்லின் குளிர். தூக்குகிறபோது ஷூக்கள் இரண்டும் சேர்ந்தே எழுந்தன.

முச்சந்தியில் சுமந்தவர்கள் நின்றார்கள். பெண்கள் மூன்று சுற்று வந்தார்கள், நானும் வந்தேன். அவர்கள் திரும்பினார்கள். என் நாத்தனார் என் முழங்கையைப் பிடித்து வாங்க அண்ணி என்றாள். பாடை நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். தாமு பின்னாலிருந்து அக்கா என்றான், ஊர் பேசும்க்கா என்றான். இந்த முச்சந்தியோடு நின்று நின்றுதான், தாமு, எல்லாக் கடிதத்தையும் திருத்திக் கொடுத்தேன். இதையும் உள்ளேயேதான் சொன்னேன். வாய்க்கு வந்தது வேறு. நீ வேணா நில்லு என்றேன். ஏரிக்கரை வெயிலில் கண் கூசியது. செருப்பில்லாத காலில் நெருஞ்சி. அப்பா செத்தபோது நான் வரவில்லை, உன் அப்பா செத்தபோதும் வரவில்லை, இந்த இடத்தை எழுபது வயதில் இப்போதுதான் பார்க்கிறேன். பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. நாலு வேப்பமரம், தகரக் கொட்டகை, அடுக்கின விறகு, நேராக்கப்பட்ட சுண்ணாம்புக் கோடு. கோட்டின் மேல் எட்டுப் பேர். உன் நிலையத்து ஆட்கள் ஒரு வரிசை, டிரைவரின் தாடை மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.

மரியசூசை சார் மைக் முன்னால் வந்தார். சட்டைப் பையைத் தொட்டார். பிறகு கோப்பிலிருந்து வேறொரு தாளை எடுத்தார், புதிதாக அச்சடித்தது. பணியே உயிர்மூச்செனக் கொண்ட. நான் உடைத்துக் கொடுத்த இடத்தில் வாக்கியம் அழகாக நின்றது. பொருட்படுத்தாது என்று ஏரிக்கரை முழுவதும் கேட்டது. எதிர்க்கரையில் மோதி இன்னொரு முறையும் கேட்டது. தலை கவிழ்ந்து நின்றேன். சரி. இவ்வளவுதான். நானும் இதைத்தானே செய்தேன், பயந்து, நல்லதனமாக. நாலு பேர் கொடியை உன்மேலிருந்து தூக்கினார்கள். நீளவாக்கில் ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு, உள்ளங்கை அகலத்துக்கு வந்தது. அவர் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கால் தூக்கி வைத்து நடந்து வந்து என் முன்னால் நின்றார். நீட்டினார். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக் கையைக் கட்டிக்கொண்டேன்.

கொடி தரையில் படக் கூடாது, அது அவர்கள் சட்டம். திரும்பவும் பிணத்தின்மேல் போடவும் முடியாது, அதற்குள் உன்மேல் விறகு அடுக்கியாகிவிட்டது. தாமு பக்கத்தில் வந்தான், அவன் கைமேல் கொடுக்க அவர் திரும்பவில்லை. துப்பாக்கிக்காரர்கள் காத்திருந்தார்கள். அமைச்சர் காதில் ஒருவர் குனிந்து ஏதோ சொன்னார். வெயிலில் மரியசூசை சாரின் மேலுதட்டில் வேர்வை துளிர்த்தது, துடைக்கக் கை இல்லை. "வாங்கிக்கங்கம்மா" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. கெஞ்சினார். தாங்கள் அன்புகூர்ந்து என்று நான் எழுதியிருப்பேனே, அந்தத் தொனி. "வாசிங்க" என்றேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. கயிறு ஆடாமல் நின்ற நேரம்.

பிறகு அவர் கொடியை இரண்டு கையிலிருந்தும் தழும்பேறிய இடக் கைக்கு மாற்றினார். குழந்தையைத் தோளுக்கு மாற்றுகிற மாதிரி மெதுவாக. பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து ஒரு கையால் உதறி விரித்து, இரண்டு எட்டு பின்னால் போய் மைக் முன்னால் நின்றார். சென்ற ஆவணியில் இளம்பரிதி எழுதியது. ஐயா, எங்க ஸ்டேஷன்ல ரெண்டு செட் இருக்கு. ஒண்ணு வால்வு ஒழுகுது. அப்போது மைக் செத்தது. யார் கை அதை அணைத்ததோ தெரியவில்லை. எதிர்க்கரை பேச்சை நிறுத்திக்கொண்டது. அவர் நிறுத்தவில்லை. தொண்டையைச் செருமி, தீக்கு நடுவில் ஆள் கூப்பிடுகிற குரலில் மிச்சத்தைச் சொன்னார். ஒண்ணு ரிப்பேருக்குப் போயி எட்டு மாசம். உன் ஆட்களின் வரிசையில் டிரைவரின் தாடை அசைவது நின்றது. நாலாம் வரிக்கு அவர் தாளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்.

முந்தானைக்குள்ளிருந்து கைகளை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டேன். அவருடைய பேனாவையும் திருப்பிக் கொடுத்தேன். எட்டுத் துப்பாக்கிகள் வானத்துக்கு ஏறின. ஒன்று. வேப்பமரத்துக் காக்கைகள் கிளம்பின. இரண்டு. மூன்று. சத்தம் அடங்கின பிறகும் காதுக்குள் இருந்தது அவர் குரல்தான். சாவான் என்றுதான் எழுதியிருந்தாய், பரிதி. சாவான் என்றுதான் படித்தார். நான் எதையும் திருத்தவில்லை.